மாமன் பேரும் என் மூக்கும்

பேர்ப்பாட்டுத் தொழிலில் பாட்டு நல்லா இருக்கா என்று யாரும் கேட்பதில்லை, எங்க பேரு வந்துச்சா என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் கூடலூர்ப் பக்கம் காதுகுத்து, சடங்கு என்றால் தாய்மாமன்மார் சீர்த்தட்டோடு தெருவில் நுழையும்போது ஒரு பாட்டு ஓடும். மூத்த மாமன் இன்னார் வாராக, இளைய மாமன் இன்னார் வாராக என்று ஒவ்வொரு பேராகச் சொல்லி வரவேற்கும். அந்தப் பாட்டைச் செய்கிறவள் நான். பெரிய சிலேட்டு மாதிரி ஒரு டேப்லெட், நாங்கள் டேப் என்போம். அதில் மேளம் ஒரு வரிசை, நாதஸ்வரம் ஒரு வரிசை, குரல் ஒரு வரிசை என்று கலர் கலராகப் பட்டைகள் படுத்திருக்கும். விரலால் தொட்டு வெட்டலாம், இழுக்கலாம், ஒட்டலாம். கேட்கச் சுகமாக இருக்கும். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். அப்படிப்பட்ட அக்கா தங்கச்சிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேந்திரம்பழ விரல்

அடுத்த வீட்டுத் தங்கவேல் அண்ணன் மைக் செட் வைத்திருக்கிறார். அவருக்குப் பாட்டுப் பண்ணிக்கொடுத்த ஆள் குமுளியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அண்ணனே டேபோடு உட்கார்ந்தார். அவர் விரல் ஒவ்வொன்றும் நேந்திரம்பழ மொத்தம். ஒரு பட்டையைத் தொட்டால் மூன்று பட்டை நகரும். மேளத்தை வெட்டப் போய் நாதஸ்வரத்தை அழித்துவிட்டு, டேபைப் பார்த்து "ஏலே, ஏலே" என்று அதட்டிக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் விளக்கும்போது பாட்டு முணுமுணுப்பதை மதில் வழியாகக் கேட்டிருந்த அவர் சம்சாரம், மல்லிகா மதினி, என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவள். புது ஆள் முன்னால் பேச்சே வராது. ஆனால் இரண்டு விரலை வைத்து விரித்தால் பட்டை பெரிதாகிறது, அழுத்திப் பிடித்து இழுத்தால் கூடவே வருகிறது என்று பார்த்ததும் எனக்குக் கோலம் போடுகிற மாதிரி கை ஓடிவிட்டது. பாடச் சொன்னார்கள். எல்லாரும் வெளியே போனால் பாடுகிறேன் என்றேன். போனார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினேன். பாடியது யாரென்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று மதினி மூலமாகக் கண்டிஷன் போட்டேன். அண்ணன் வாசலில் இருந்தே சொன்னார்:

"நான் ஏன்த்தா சொல்லப்போறேன், எனக்கே நீ கதவுக்குப் பின்னால நிக்கிற ஒரு சேலையாத்தான் தெரியுற."

மாமியார் கேட்ட பாட்டு

வீட்டில் என் மாமியார் வீருசின்னம்மாவிடம், மைக் செட் கடையில் பேர் எழுதிக்கொடுக்கிற வேலை என்று சொல்லி வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவர். அவர் ரகசியத்தைக் காப்பார், ஆனால் சிரிப்பைக் காக்க மாட்டார்.

முதல் பாட்டு பக்கத்துத் தெருவில் ஓடியபோது நானும் அத்தையும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். குழாய் ஸ்பீக்கரில் என் குரல் ஊரைச் சுற்றியது. எனக்குக் காது மடல் சுட்டது. வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிட்டார், சிரிக்க. அத்தை ஒரு காயை உரித்து முடிக்கிற வரை கேட்டார். பிறகு சொன்னார். இந்த வேலை எனக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"குரலு நல்லாத்தான் இருக்கு, ஆனா எந்த வீட்டு மருமகளோ இப்படி ஊரு கேக்கக் கத்துறா, நம்ம வீட்டுல இருந்தா அன்னைக்கே வேலைய நிறுத்திப்புடுவேன்."

மாவுக் கை

ஈரக்கைக்கு டேப் மசியாது. மாவுக்கைக்கு மசியவே மசியாது. ஒருநாள் மதினியோடு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன். பாட்டு வாங்க வந்த ஆள் வாசலில் நிற்கிறார், வண்டியைக்கூட அணைக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மேளத்தை நிறுத்த ஒரே ஒரு பட்டனைத் தொட வேண்டும். கை இரண்டும் முழங்கை வரை மாவு. முழங்கையால் தொட்டேன், பாட்டே மூடிக்கொண்டது. மறுபடி திறந்து, யோசிக்காமல் குனிந்து மூக்கால் தொட்டேன்.

மேளம் டக்கென்று நின்றது. ஊசி முனையில் தொட்டது போல அவ்வளவு சுத்தம். அன்றிலிருந்து அவசரத்துக்கு மூக்குதான். பிள்ளை ஒரு கையில், பால் பாட்டில் ஒரு கையில் என்றால் வேறு என்ன மிச்சம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். மதினிக்கு மட்டும் ஒரு கவலை.

"நல்லா அமுக்கு, ஆனா மூக்குத்தி இல்லாத பக்கமாச் சாஞ்சு அமுக்குத்தா, கண்ணாடி கீறிப்போச்சுன்னா உங்க அண்ணன் என் மூக்கை அறுத்துருவாரு."

குதிகால் போட்ட பாட்டு

என் மகள் யாழினிக்கு அப்போது தவழ்கிற வயது. நான் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் டேப் மேல் ஏறி உட்கார்ந்து, குதிகாலால் தாளம் போட்டிருக்கிறாள். வந்து பார்த்தேன், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிற மாதிரிதான் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ராயப்பன்பட்டியில் ஒரு சடங்கு வீடு. மூத்த மாமன் பேர் வந்தது, நடந்து வந்தார். இளைய மாமன் சேவியர் வாராக என்று வந்தது. மறுபடியும் சேவியர் வாராக. மறுபடியும். பிள்ளை அந்த ஒரு துண்டை மட்டும் சுற்றிச் சுற்றி ஓடுகிற மாதிரி அமுக்கி வைத்திருந்தாள். சேவியர் உள்ளே வந்து, தட்டை வைத்து, காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் வாசலில் அவர் வந்துகொண்டே இருந்தாராம். அண்ணன் சொல்லும்போது எனக்கு உயிர் போய்விட்டது. சாயங்காலம் சேவியரே கடைக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் யாழினியின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"பிரமாதம் அண்ணாச்சி, அடுத்த மாசம் எங்க பெரியக்கா வீட்டு விசேசத்துக்கும் இதே மாதிரி, ஆனா எங்க அண்ணனுக்கு ஒரு தடவை போதும்."

இருமல்

பக்கத்து ஊர் லோயர் கேம்ப்பில் ஒரு மாமன். முட்டி வலி, விசேஷத்துக்கு வர முடியாது. போனில் வாழ்த்துப் பேசி அனுப்பியிருந்தார், அதைப் பாட்டுக்கு நடுவில் சேர்க்க வேண்டும். நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். நான் பட்டையை விரித்து விரித்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு இருமலாகத் தேடி, கத்தரி போட்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எடுத்தேன். என் வேலையிலேயே அதுதான் நல்ல வேலை என்று எனக்குள் ஒரு பெருமை.

கேட்டுப் பார்க்க அவர் தங்கச்சி வந்தார். முகம் சுருங்கிவிட்டது. இது யார் குரல் என்றார். உங்கள் அண்ணன்தான் என்று மதினி சத்தியம் பண்ணினார். அந்தம்மா நம்பவில்லை. நல்லவேளை, இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கடைசியாகச் செய்தது திரும்பி வந்துவிடும். தட்டத் தட்ட இருமல் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் எங்கண்ணன் வந்திருக்காக, அந்த இருமலைக் கேட்டாத்தான் எங்க மாமியா வீட்டாளுகளுக்கும் ஒரு பயம் இருக்கும்."

எங்கள் வீட்டுக் காதுகுத்து

யாழினிக்குக் காதுகுத்து வைத்தோம். மைக் செட் தங்கவேல் அண்ணன், பாட்டு என் பாட்டு. மாமன்மார் என் அண்ணன்கள் இருவர், பாண்டியும் குமரேசனும். கடைசியில் அப்பத்தா பேராக வீருசின்னம்மாவையும் ஒரு தடவை சேர்த்திருந்தேன். ஊர்ப்பட்ட பாட்டில் ஒரு பாட்டு என்று அத்தை நினைத்துக்கொள்வார், விசேஷம் முடிந்து நானும் என் வேலைக்குப் போய்விடலாம் என்பது கணக்கு.

அண்ணன்கள் தட்டோடு தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். பேர் சொன்னால்தான் காலெடுத்து வைப்பார்கள். கடைசி நேரத்தில் யாராவது பேர் சேர்க்கச் சொல்வார்கள் என்பதால் தங்கவேல் அண்ணன் எப்போதும் டேபிலிருந்தே நேராகப் பாட்டை ஓடவிடுவார். ஓடவிட்டார். மேளம் வந்தது, நாதஸ்வரம் வந்தது, குரல் வரவில்லை. நேந்திரம்பழம் எங்கோ பட்டு என் வரிசை ஊமையாகிவிட்டது. அண்ணன்கள் முனையிலேயே நிற்கிறார்கள். வெயிலில் தட்டுச் சுமந்த பெண்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள். தங்கவேல் அண்ணன் டேபைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற என்னிடம் ஓடி வந்தார். இன்னொரு கையில் மைக். அதை அணைக்க மறந்துவிட்டார்.

"ஏத்தா, உன் குரலு மட்டும் வர மாட்டேங்குது, என்னன்னு பாரு" என்று குழாய் ஸ்பீக்கர் கூடலூர் முழுக்கச் சொன்னது.

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் அத்தை. என் இரண்டு கையிலும் ஆரத்தித் தட்டு, கற்பூரம் எரிகிறது, கீழே வைக்கக்கூடாது. ஓடிப்போக ஒரு கதவுகூட இல்லை. முனையில் என் அண்ணன்கள் வியர்த்து நிற்பதைப் பார்த்தேன். தட்டை ஒரு பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்குத்தி இல்லாத பக்கமாகச் சாய்ந்து, மூக்கால் ஒரு அமுக்கு.

"மூத்த மாமன் பாண்டியண்ணன் வாராக" என்று என் குரல் கிளம்பியது. பதற்றத்தில் மூக்கு பக்கத்துப் பட்டனிலும் பட்டிருக்கிறது போல. பாண்டியண்ணன் வாராக, பாண்டியண்ணன் வாராக என்று அவர் வந்துகொண்டே இருந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் கற்பூரமே அணைந்துவிட்டது. குமரேசன் அண்ணன் தன் பேர் வராததால் முனையிலேயே நின்றுகொண்டு, "எனக்கு எப்பம்மா மூக்கு வைப்ப" என்று கத்தினார். வைத்தேன். பாட்டு நகர்ந்தது. கடைசியில் அப்பத்தா வீருசின்னம்மா என்று ஒரே ஒரு தடவை வந்து பாட்டு முடிந்தது.

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வேலை போச்சு என்றே முடிவு பண்ணிவிட்டேன். அத்தை என் கையிலிருந்து ஆரத்தித் தட்டை வாங்கிக்கொண்டார். டேபைப் பார்த்தார். என் மூக்கைப் பார்த்தார்.

"பாண்டி பேரு மட்டும் அத்தனை தடவை, சொந்த மாமியா பேரு ஒரு தடவைதானாடி, குனிஞ்சு அதையும் அமுக்கு."

இந்தத் தொழிலில் வெட்டியதை ஒட்டலாம், அழித்ததைத் திரும்பக் கொண்டுவரலாம், ஆனால் ஒருத்தர் பேரை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டிவிட்டால் அப்புறம் நம் மூக்கு நமக்குச் சொந்தமில்லை.