சுறாப்புட்டுக்காக நின்ற ஓட்டக்காரன்

இக்னேஷியஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் ஆகாது. பதினோரு வருஷம் அவனோடு ஒரே கன்டெய்னருக்குள் நின்று மூட்டை இறக்கியிருக்கிறேன். வெயிலில் வெந்த இரும்புப் பெட்டிக்குள் ஒருத்தனோடு நின்றால் அவன் யோக்கியதை தெரிந்துவிடும். இவன் யோக்கியதை மொத்தமும் வயிற்றில் இருந்தது.

ராயபுரத்துக்காரன். அப்பன் காசிமேட்டில் விசைப்படகு ஏறினவர். இவனும் மீன் மாதிரி நீந்துவான். ஆனால் படகில் உட்கார வைத்தால் அரை மணியில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுப்பான். கடலுக்குப் போக முடியாத கடல்காரன். அதனால்தான் திருவொற்றியூருக்கு வடக்கே எங்கள் கன்டெய்னர் யார்டுக்கு காண்ட்ராக்ட் கூலியாக வந்து சேர்ந்தான்.

வீட்டிலிருந்து யார்டுக்கு ஒன்பது கிலோமீட்டர். சைக்கிளில்தான் வருவான். உடம்புக்கு நல்லது என்று பெருமை பேசுவான். எல்லாம் பொய். பஸ்ஸில் வந்தால் வழியில் இறங்கித் தின்ன முடியாது, அவ்வளவுதான் விஷயம். காலடிப்பேட்டையில் தள்ளுவண்டி இட்லியும் வடகறியும். டோல்கேட்டில் ஆட்டுக்கால் சூப்பு. சாயங்காலம் திரும்பும்போது மீன் வறுவல். எந்த வண்டியில் என்றைக்கு எண்ணெய் மாற்றினார்கள் என்று கேட்டால் தேதியோடு சொல்வான். பெற்ற பெண் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டால் யோசிப்பான்.

அவன் தின்ற வண்டிகளுக்கெல்லாம் தலை, சொக்கம்மாளின் மெட்டடார் வேன். எஞ்சின் எப்போதோ செத்துப்போனது. யார்டு கேட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் நிறுத்தி, ஒரு பக்கத்துத் தகரத்தை வெட்டி மேலே தூக்கிக் கட்டி, உள்ளே ரெண்டு அடுப்பு வைத்திருந்தாள். துறைமுகத்துக்குள் போக ரெண்டு நாள் மூணு நாள் வரிசையில் கிடக்கிற டிரெய்லர் டிரைவர்களுக்கு அவள்தான் சோறு. சொக்கம்மாள் வியாசர்பாடிக்காரி. சுறாப்புட்டு அவள் கையில்தான் சுறாப்புட்டு. மற்றவர்கள் செய்வது வெறும் பூண்டும் மீனும் கலந்த தூள். இதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு வாய் மட்டும் சுத்தமில்லை. இக்னேஷியஸைப் பார்த்ததும் கரண்டியைத் தூக்குவாள்.

"இன்னாடா, நேத்து துன்னது செரிச்சிச்சா? இல்ல அப்டியே மேலேயே கீதா?"

"யக்கா, நீ போட்ட ரெண்டு கரண்டி பல்லு இடுக்குல மாட்டிகினு கீது. வயித்துக்கே போவல."

"உன் வயித்துக்குப் போடணும்னா லாரில தான்டா கொண்டாந்து கொட்டணும், நைனா."

இப்படித்தான் தினமும்.

ரெண்டாயிரத்து ஆறில் பம்பாய் ஆபீஸிலிருந்து ஒரு கூத்து வந்தது. மேனேஜர் எங்களை ஷெட்டில் நிற்கவைத்துச் சொன்னார். முதலில் கம்பெனி குவார்ட்டர்ஸ் குளத்தில் நீச்சல், ஏறின ஈரத்தோடு இருபது கிலோமீட்டர் சைக்கிள், அது முடிந்த கையோடு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம். பெயர் டிரையத்லான். ஏசி ரூமில் உட்கார்ந்து தொப்பை வளர்த்த துரைமார்களுக்கு வியர்வை விட ஆசை வந்துவிட்டது. வியர்வை வேண்டுமென்றால் மே மாசம் கன்டெய்னருக்குள் வந்து நிற்கலாமே. அதற்கு வரமாட்டார்கள். வியர்க்கக்கூட பனியன் அடித்து, நம்பர் ஒட்டி, போட்டோ எடுக்க ஆள் வைக்கவேண்டும்.

கடைசியில் மேனேஜர் ஒன்று சொன்னார். காண்ட்ராக்ட் ஆட்களும் கலந்துகொள்ளலாம். அவர்களில் முதலாவதாக வருகிறவனை பர்மனென்ட் ஆக்குவார்கள்.

பர்மனென்ட் என்றால் என்ன என்று எங்களைக் கேட்க வேண்டும். மூணு மாசத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். திரும்ப வந்தால் புது ஆள் என்று பதிவார்கள். பதினோரு வருஷமாக இக்னேஷியஸ் புது ஆள். அவன் பெண்சாதி ஜூடிக்கு மூச்சிரைப்பு. பர்மனென்ட் ஆனால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கார்டு வரும். இப்போது ஒவ்வொரு தடவையும் ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் விடிகாலை வரிசையில் நிற்கிறாள். அன்றைக்கு ராத்திரியே ஜூடி அவனிடம் ஒரே வார்த்தை சொன்னாளாம். "ஓடு."

நாலு காண்ட்ராக்ட் ஆட்கள் பெயர் கொடுத்தார்கள். அதில் போட்டி என்று சொல்ல டில்லிபாபு ஒருத்தன்தான். இருபத்தாறு வயசு, கொருக்குப்பேட்டைப் பையன், முட்டையில் வெள்ளையை மட்டும் தின்று மஞ்சளைத் தூர எறிகிற ஜாதி. இக்னேஷியஸுக்கு முப்பத்தாறு. வயிறு தனியாக முன்னால் போகும்.

கம்பெனி ஒரு கோச்சை வரவழைத்தது. அடையாறு பக்கத்து ஆள். சாப்பிட வேண்டியது, கூடாதது என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தான். இக்னேஷியஸ் பத்து நாள் ஓட்ஸ் கஞ்சி குடித்தான். பதினோராம் நாள் மூட்டையைத் தூக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமு, சினிமா போஸ்டர் ஒட்ற பசைய துன்னுட்டு எவன்டா ஓடுவான்? இதத் துன்னா செவுத்துல ஒட்டிகினு தான் நிக்கணும்."

அப்புறம் அவனே ஒரு கணக்கு வைத்துக்கொண்டான். வேலை முடிந்ததும் எர்ணாவூர் பாலம் வரை ஓடித் திரும்பினால் ஒரு சூப்பு. சைக்கிளை நிற்காமல் எண்ணூர் வரை மிதித்தால் மீன் வறுவல் ரெண்டு துண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடலில் ஒரு மணி நேரம் நீந்தினால் சுறாப்புட்டு. ஓடாத நாளில் வண்டிப் பக்கம் திரும்பக்கூடாது. இந்த உலகத்தில் எவனாவது சூப்புக்காக ஓடிப் பழகியிருப்பானா? இவன் பழகினான். சொக்கம்மாள் வேனுக்குள்ளிருந்தே காவல் காத்தாள்.

"பாலத்தத் தொட்டியாடா? பொய் சொன்னா கொழம்பு கெடியாது."

"மாதா மேல சத்தியமா தொட்டேன் யக்கா."

"மூச்சு வாங்கவே இல்லியே. டபாய்க்கிறியா? இன்னொரு வாட்டி போய்ட்டு வா, போ."

போவான். வெட்கம் கெட்டவன், திரும்ப ஓடுவான். நாலு மாசத்தில் வயிறு பாதி உள்ளே போனது. கோச் வைத்த ஒத்திகை ஓட்டத்தில் டில்லிபாபுவை விட மூணு நிமிஷம் முன்னால் வர ஆரம்பித்தான். எல்லோரும் இவன்தான் ஜெயிப்பான் என்றார்கள், நான் மட்டும் நம்பவில்லை. தின்கிறவன் ஜெயித்ததாக நான் எங்கேயும் பார்த்ததில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் சட்டதிட்டம் என்று இங்கிலீஷில் நாலு பக்கம் கொடுத்தார்கள். படித்தவன் எவனும் எங்களுக்குப் படித்துச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எட்டாவது தாண்டாதவனுக்கு என்ன இங்கிலீஷ்? இக்னேஷியஸ் அதை மடித்து சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்தான், ஆடாமல் இருக்க.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளத்தில் குதித்தார்கள். கடலில் நீந்தினவனுக்குச் சுவர் எங்கே வருமென்று தெரியாது. முதல் சுற்றிலேயே மண்டையை இடித்துக்கொண்டான். ஆபீசர் பெண்டாட்டிமார்கள் சிரித்தார்கள். இருந்தாலும் மூணாவதாக ஏறினான். சைக்கிளில் எல்லோரையும் தாண்டினான். அவர்களுடையது கியர் சைக்கிள், இவனுடையது மூட்டை கட்டிப் பழகின வண்டி. நானே வாயைப் பிளந்து பார்த்தேன், அதை மறைக்கவில்லை. ஓட்டம் தொடங்கும்போது காண்ட்ராக்ட் ஆட்களில் இவன்தான் முன்னால். டில்லிபாபு ஐந்து நிமிஷம் பின்னால்.

ஓட்டம் யார்டு கேட்டிலிருந்து எர்ணாவூர் பாலம் போய்த் திரும்புவது. திரும்பி வரும்போது சொக்கம்மாள் வேனைத் தாண்டித்தான் வரவேண்டும். நான் அங்கே நின்றிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்தாலும் சரி, திருத்தணிக்குக் காவடி தூக்கி நடந்தாலும் சரி, வெயிலில் கூட்டமாகக் காலால் போகிறவனைச் சும்மா அனுப்பமாட்டார்கள். மோரோ, சுண்டலோ, கையில் இருப்பதை நீட்டுவார்கள். நீட்டினதை வாங்காமல் போகிறவன் மனுஷனில்லை. சொக்கம்மாள் பார்த்தாள். ஒரே நிறத்து பனியனில் அறுபது பேர் வேர்த்து விறுவிறுத்து ஓடுகிறார்கள். பந்தயம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஓடுகிறவன் ஓடுகிறவன்தானே. விடிகாலையிலேயே தயார் செய்து, ரெண்டு இட்லி மேலே சுறாப்புட்டு வைத்து, இலை இலையாக ரோட்டோரம் நின்று நீட்டினாள். டிரைவர்கள் மோர் பக்கெட்டோடு பக்கத்தில் நின்றார்கள்.

இன்னும் பாலத்துப் பக்கமே போய்க்கொண்டிருந்த துரைமார்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு விலகி ஓடினார்கள். ஒருத்தர் "நோ நோ" என்று கையைத் தட்டிவிட்டார். இட்லி மண்ணில் விழுந்தது. சொக்கம்மாள் முகம் சுருங்கிப்போனது.

அப்போது இக்னேஷியஸ் பாலத்தைத் தொட்டுத் திரும்பி வந்தான். மண்ணில் கிடந்த இட்லியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். நின்றுவிட்டான்.

"டேய், ஓடுறா!" என்று நான் கத்தினேன்.

"இருடா மாமு." இலையை வாங்கினான். ஓடிக்கொண்டே தின்றானா? இல்லை. நின்று, நிதானமாக, ரெண்டு இட்லியையும் தின்றான். இலையை நீட்டி, "கொஞ்சம் கொழம்பு ஊத்து யக்கா" என்று வேறு கேட்டான். வழித்துத் தின்று, மோர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினான். ரெண்டு நிமிஷம் போயிருக்கும். அப்படியும் டில்லிபாபுவுக்கு முன்னால், கேட்டுக்கு உள்ளே போட்டிருந்த முடிவுக் கோட்டைத் தொட்டான். ஜூடி கேட்டருகே பூசைக்குக்கூடப் போகாமல் நின்றிருந்தாள். மாரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பத்து நிமிஷத்தில் விசில் தொங்கவிட்ட ஒரு ஆள் வந்து, இக்னேஷியஸின் நம்பர் முப்பத்தேழு தள்ளுபடி என்றான். பந்தயத்தில் வெளியாளிடமிருந்து எதையும் வாங்கக்கூடாதாம். அந்த நாலு பக்கத்தில் அது இருந்ததாம்.

மேனேஜர் அவனை ரூமுக்குக் கூப்பிட்டார். வேனருகே நின்றவன் என்று என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் கெட்டவரில்லை, கெட்டவரைவிட ஆபத்தானவர். பேச்சில் அவ்வளவு தேன்.

"இக்னேஷியஸ், உங்க நல்லதுக்குச் சொல்றேன். நீங்களா வாங்கினா தப்பு. ஆனா அந்த வண்டிக்காரங்க ரோட்டை மறிச்சு, உங்களை நிறுத்தி, கையில திணிச்சிருந்தா அது தடங்கல். உங்க மேல தப்பு வராது. அப்படி ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்து போடுங்க. நாளைக்கே ஆர்டர் அடிக்கச் சொல்றேன்."

பேப்பர் தயாராக இருந்தது. அந்த லெட்டர் யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். கேட்டுக்கு எதிரே இருக்கிற வண்டிகளைத் தூக்க வேண்டும் என்று கம்பெனி ஒரு வருஷமாக போலீஸுக்கு அலைகிறது. ஆக்சிடென்ட், தடங்கல் என்று காட்ட ஒரு காகிதம் கிடைக்கவில்லை.

இக்னேஷியஸ் பேனாவை எடுத்தான். எடுத்தவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் மனசுக்குள் சொன்னேன், போடுடா மடையா, ஜூடி வெளியே நிற்கிறாள்.

"சார், அந்த யக்கா திணிக்கல சார். நான்தான் கேட்டு வாங்கினேன். பசி."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"கொழம்பு கூட ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினேன் சார். திணிச்சா எவனாவது கொழம்பு கேப்பானா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இவனோடு சேர்ந்த பாவம்.

டில்லிபாபு பர்மனென்ட் ஆனான். வெளியே வந்ததும் இவன் ஜூடியிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கத் தெரியாத ஜென்மம். அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இழுத்தது. அப்புறம் சொன்னாள்.

"பதினோரு வருசத்துல உன் வாயி ஒன்னுதான்யா பர்மனென்ட்டு." சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போனாள். ஒரு மாசம் அவனோடு பேசவில்லை.

இதைக் கேட்டு அவன் பெரிய தியாகி என்று யாராவது நினைத்தால் அவர்களைப் போல முட்டாள் இல்லை. நாலே மாசம். லெட்டர் இல்லாமலேயே கம்பெனி வேறு எதையோ காட்டி வண்டிகளைத் தூக்க ஆர்டர் வாங்கிவிட்டது. இவன் கையெழுத்து போட்டிருந்தாலும் அதுதான், போடாவிட்டாலும் அதுதான். போட்டிருந்தால் ஒருத்திக்கு மாத்திரையாவது ஒழுங்காகக் கிடைத்திருக்கும்.

வேனை எர்ணாவூர் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஒரு டிரெய்லர் டிரைவர் கயிறு கட்டி இழுத்துத் தருகிறேன் என்றார். ரோட்டுப் பள்ளத்திலிருந்து மேலே ஏற்ற ஆள் வேண்டும். இக்னேஷியஸ் அவனுடைய வாராந்திர லீவில் வந்தான். என்னையும் இழுத்துக்கொண்டு வந்தான். மத்தியான வெயில். ரெண்டு பேரும் பின்னால் நின்று முதுகைக் கொடுத்தோம். வேன் அசையவில்லை.

சொக்கம்மாள் முன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள். இவன் தள்ளுபடி ஆனதோ, அந்த ரூமில் என்ன நடந்தது என்றோ அவளுக்கு இன்றுவரை தெரியாது. சொல்லக்கூடாது என்று இவன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அவள் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: நாலு மாசம் இவளிடம் வாங்கித் தின்று ஓடினவன், கடைசியில் சின்னப் பையனிடம் தோற்றான்.

"பந்தயத்துலதான் கோட்ட வுட்டுட்ட. இதயாவது ஒய்ங்கா தள்ளுடா, சோம்பேறி!"

நான் வாயைத் திறந்தேன். இக்னேஷியஸ் என் காலை மிதித்தான்.

"தள்ளிகினுதானே கீறோம் யக்கா," என்றான். மூச்சைப் பிடித்துத் தோளைக் கொடுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கயிறு விறைத்தது, வேன் மெல்ல ரோட்டில் ஏறியது.