இரண்டாம் பத்தி

அன்புச்செல்வியின் முதல் கட்டுரைக்குக் கிடைத்தது ஐம்பதுக்குப் பதினொன்று. மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விமர்சனச் சிந்தனையும் வாத எழுத்தும் என்று புதிதாக ஒரு பாடம். ஆற்றங்கரை வீடுகளை இடிக்கக்கூடாது என்று நான்கு பக்கம் கொதித்து எழுதியிருந்தாள். "இது கோஷம், வாதம் இல்லை" என்று ஓரத்தில் குறித்திருந்தார் நீரஜா மேடம். அந்தக் கரையில்தான், அடையாற்றை ஒட்டிய பூவாத்தா நகரில்தான் இவள் பிறந்து வளர்ந்தாள் என்பது மேடத்துக்குத் தெரியாது.

"எதிராளி சொல்றதுல நிஜம் இருந்தா முதல்ல நீங்களே ஒத்துக்கணும். அப்பதான் மீதியைக் காது கொடுத்துக் கேப்பாங்க" என்று வகுப்பு தவறாமல் சொல்வார் மேடம். அன்புச்செல்வி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கட்டுரைக்கு இருபத்தெட்டு, அதற்கடுத்து நாற்பத்தொன்று. வீட்டுச் சண்டையில்கூட, "நீ சொல்றதுலயும் நாயம் கீதும்மா, ஆனா..." என்று ஆரம்பித்தாள்.

"இன்னாடி இது? ஒத்துக்கினியா, இல்லியா? ஒண்ணு சொல்லு" என்றாள் அம்மா தேவானை.

மழை விட்டதும் அரசாங்க நோட்டீஸ் வந்தது. எண்பத்து நான்கு குடும்பமும் ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்குமாடிக்குப் போக வேண்டும். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதித் தரலாம். பூவாத்தா நகரின் மனுக்களை எப்போதும் எழுதுபவர், மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றி ஓட்டும் பஞ்சாட்சரம். "ஐயா, நாங்கள் ஏழைகள்" என்று தொடங்கி அழுதுகொண்டே முடிப்பார். இந்த முறை பேனாவை அவளிடம் நீட்டினார்.

மூன்று நாள் எழுதினாள். முதல் பத்தியில் கோரிக்கை. இரண்டாம் பத்தியில், "பெருமழையில் எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வருவது உண்மை. அது உயிருக்கு ஆபத்து என்பதை நாங்கள் மறுக்கவில்லை." பிறகுதான் வாதம்: அதே வெள்ளம் எதிர்க்கரை அடுக்குமாடியின் கார் நிறுத்தத்திலும் புகுந்தது, அவர்களை யாரும் கிளம்பச் சொல்லவில்லை, அங்கே வெள்ளத் தடுப்புச் சுவர் எழும்பியது, இங்கேயும் எழுப்பலாம்.

படித்ததும் பஞ்சாட்சரத்துக்கு முகம் சுருங்கியது. "இன்னாம்மா, நம்ம வாயாலயே தண்ணி வருதுன்னு எழுதிக்கீற?"

"அவங்களுக்குத் தெரிஞ்சதுதான மாமா. மறைச்சா மத்தத நம்ப மாட்டாங்க."

"படிச்ச புள்ள சொல்ற" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லோரும் போட்டார்கள்.

விசாரணை நாளில் அதிகாரி பச்சை மையில் இரண்டு வரிகளுக்கு அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். "உயிருக்கு ஆபத்துன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் என்ன ஆட்சேபம்?"

"சார், அடுத்த பத்தியில..."

"படிச்சேன்மா. பிரமாதமா எழுதியிருக்க. எந்தக் காலேஜ்?"

காலேஜ் பெயரைச் சொன்னாள்.

பிப்ரவரியில் வீடுகள் இடிந்தன. பக்கத்துக் காந்தி நகரில் தேவானை பார்த்துவந்த மூன்று வீட்டு வேலையும் போயிற்று. புது இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி காலை ஆறரைக்கு வந்து நிற்க முடியவில்லை. அந்த மனுவைத்தான் ஆங்கிலத்தில் மாற்றி இறுதிக் கட்டுரையாகக் கொடுத்திருந்தாள் அன்புச்செல்வி. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். மேடம் அதை நகலெடுத்து ஜூனியர்களுக்குக் கொடுத்தார். "இரண்டாவது பாராவைப் பாருங்க. எவ்வளவு நேர்மை!" மேடம் கூப்பிட்டு வந்திருந்த அன்புச்செல்வி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் கைதட்டுவதைக் கேட்டாள். மனு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் அவளிடம் பேசாமலிருந்த பஞ்சாட்சரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு மாடி ஏறி வந்தார். லிப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க வெள்ளைத்தாளை நீட்டினார். "பஸ் கேட்டு மனு. எழுது. காலையில பஸ்ஸே இல்லன்னு போடு."

"ஒண்ணு வருது மாமா. அஞ்சேகாலுக்கு."

அவர் அவளையே பார்த்தார். "அத எழுதுவியா?"

தேவானை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்புச்செல்வி தாளைத் தொடையில் வைத்து, "ஐயா, நாங்கள் ஏழைகள்" என்று தொடங்கினாள். அஞ்சேகால் பஸ்ஸை எழுதவில்லை.