சீஃப் கெஸ்டுக்கு முந்தின ஐட்டம்

ஆபீசில் அவளை எல்லோரும் லிஸ்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு என்னென்ன வேண்டும் என்று மேடம் கேட்டதற்கு, இவள் பையிலிருந்து நாலு பக்கத் தாளை எடுத்து நீட்டினாள். நாற்காலி, மைக், தண்ணீர் பாட்டில், ஊக்கு எல்லாம் இருந்தன. கழிப்பறையில் எத்தனை குழாய், அதில் எத்தனை ஒழுகுகிறது என்பதுகூட இருந்தது. பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

விழா நடத்தும் கம்பெனி என்றதும் அவள் மனதில் ஒரு படம் இருந்தது. கையில் அட்டை, காதில் கருவி, நடந்து போனால் விளக்கெல்லாம் எரிய வேண்டும். வந்து பார்த்தால் நாற்காலி முதுகில் பெயர் ஒட்டும் வேலை. ஒட்டியதைப் பிய்த்து, இன்னொரு பெயரை ஒட்டும் வேலை. ஒலிபெருக்கிக்காரர் விட்டெறிந்த ஒயரைச் சுருட்டும் வேலை. வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பசியை மறைத்துக்கொண்டு சிரிக்கும் வேலை.

மேடம் கெட்டவர் என்று சொன்னால் அது அவரைக் குறைத்துச் சொல்வதாகும். ஆறு மாதப் பயிற்சிக்கு மூன்று பேரை எடுத்து, ஒருத்திக்குத்தான் நிரந்தரம் என்று முதல் நாளே சொல்லிவிட்டு, மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தவர் அவர். ஒருத்தி இரண்டாவது வாரமே ஓடிவிட்டாள். மிச்சம் இருந்தது லிஸ்ட்டும், பூங்கொத்து வாங்கப் போய் வருவதால் பொக்கே என்று பெயர் வாங்கிய இன்னொருத்தியும். பொக்கே ஒரு நாள் மேடைக்குப் பின்னால் அழுதுகொண்டு நின்றபோது மேடம் கைக்குட்டையை நீட்டினார். "தொடைச்சுக்கோ. நீ அழறது பரவால்ல, யூனிஃபார்ம் நனையுது" என்றார்.

மேடம் போட்ட சட்டங்களில் ஒன்றை மட்டும் யாரும் மீறக் கூடாது. விழா நடக்கும்போது சொந்தம் கிடையாது. அரங்குக்குள் பெற்றவர்களே வந்தாலும் சார், மேடம்தான். "நீ யாருக்காவது பொண்ணா இருக்கணும்னா வீட்ல இருந்துக்கோ" என்பார்.

லிஸ்ட்டின் அப்பா பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிரைவர். முப்பத்தோரு வருஷமாக அதே கம்பெனி, அதே காக்கி. கார்தான் ஐந்து தடவை மாறியிருந்தது. மகள் விழா நடத்துகிறாள் என்று கார் ஷெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவள் நாற்காலி துடைப்பது அவருக்குத் தெரியாது.

ஆறாவது மாதம் அந்தப் பம்ப் கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு விழாவே மேடத்தின் கைக்கு வந்தது. நிமிடத் தாளை, அதாவது எத்தனை மணிக்கு மேடையில் என்ன நடக்கும் என்று எழுதும் தாளை, மேடம் லிஸ்ட்டிடம் கொடுத்தார்.

"இதை நீ போடு, நீயே நடத்து. உனக்கு வேலை உண்டா இல்லையான்னு அன்னிக்குத் தெரிஞ்சுடும்."

கம்பெனி அனுப்பிய நிகழ்ச்சி வரிசையில், வரவேற்புரை முடிந்தவுடன் ஓர் ஐட்டம் இருந்தது. 'முப்பது ஆண்டுத் தூண்கள்.' முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஒன்பது பேரை மேடைக்கு அழைத்து ஒரு கேடயம் கொடுப்பார்கள். ஒன்பதில் நாலாவது பெயர் அப்பாவுடையது. அதை அவள் இரண்டு தடவை படித்தாள். அப்பா அங்கேதான் வேலை பார்க்கிறார் என்று மேடத்திடம் அவள் சொல்லியிருக்கவில்லை. டிரைவர் மகள் என்று தெரிந்தால் ஏதோ குறைந்துவிடும் என்று நினைத்தாள். சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

ஆனால் வேறொன்று செய்தாள். வரவேற்புரை முடிந்ததும் என்றால் பாதி நாற்காலி காலியாக இருக்கும், போட்டோக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார். அப்பாவுக்கு நிறைந்த அரங்கு வேண்டும், சீஃப் கெஸ்ட் கையால் கேடயம் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஐட்டத்தைத் தூக்கி, முதலாளி உரைக்கும் பம்ப் பற்றிய படத்துக்கும் பின்னால், சீஃப் கெஸ்ட் பேசுவதற்குச் சற்று முன்னால் வைத்தாள். அதைவிடக் கௌரவமான இடம் தாளில் இல்லை என்று நினைத்தாள். மேடம் தாளைப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்துத் தட்டினார்.

"பரவால்லையே. இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தா?"

"நானே யோசிச்சேன் மேடம்."

வீட்டில் அப்பா வெள்ளைச் சட்டை எடுத்தார். அளவு சரியா என்று மூன்று தடவை போட்டுப் பார்த்து, மூன்று தடவையும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் வீடியோ எடுக்கப் பழகினாள். "அங்க வந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்கப்பா" என்று மகள் சொன்னதற்கு, "எனக்குத் தெரியாதா? டூட்டின்னா டூட்டிதான்" என்று அப்பா சிரித்தார்.

விழா அன்று காலை பத்து மணிக்கெல்லாம் அரங்கு நிறைந்துவிட்டது. வரவேற்புரையின்போதே ஒரு நாற்காலி காலியில்லை. அவள் கணக்கு அங்கேயே பொய்த்தது. சீஃப் கெஸ்டும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டே காலுக்கு அவர் விமானத்துக்குக் கிளம்ப வேண்டும். முதலாளிக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தாள். இருபதாவது நிமிடத்தில் அவர் முதல் லேத் மிஷின் வாங்கிய கதையில்தான் இருந்தார்.

ஒன்பது பேரும் அதற்குள் மேடையின் பக்கவாட்டில் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். வாட்ச்மேன், கேன்டீன் மாஸ்டர், லேத் ஆட்கள், நடுவில் வெள்ளைச் சட்டையில் அப்பா. அவர்கள் எழுந்து வந்த நாற்காலிகளில் சீஃப் கெஸ்டுடன் வந்தவர்களை உட்கார வைத்திருந்தார்கள். அந்த நாற்காலிகளில் ஒட்டியிருந்த பெயர்களைப் பிய்த்தது லிஸ்ட்தான்.

காதுக்கருவியில் மேடத்தின் குரல் வந்தது. "பத்து நிமிஷம் வேணும். மெத்தையை எடு."

"மெத்தைன்னா மேடம்?"

"சீஃப் கெஸ்டுக்கு முந்தின ஐட்டம். வெட்டறதுக்குன்னு வைக்கிறதுதானே அது? நீதானே வச்ச?"

அந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் அது தெரியும். நேரம் இடித்தால் அடி அந்த ஐட்டத்தின் மேல்தான் விழும். அதனால், போனாலும் யாரும் கேட்காத ஒன்றைத்தான் அங்கே வைப்பார்கள். முதல் தடவை தாள் போடுகிறவளுக்கு மட்டும்தான் அது கௌரவமான இடமாகத் தெரியும்.

"மேடம், படத்தை வேணா எடுத்துடலாமா? அதுவும் பத்து நிமிஷம்தான்."

"எடு. எனக்கென்ன? முதலாளியோட பேரன் எடுத்த படம். அவர் கேட்டா நீ பதில் சொல்லிக்கோ. படமா, அந்த ஒன்பது பேரா, நீயே முடிவு பண்ணு. ஷீட் உன்னோடது. பத்து செகண்ட் தரேன்."

மேடம் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பிறகு அவள் கதையை வேறு மாதிரி சொன்னாள். பத்து செகண்ட் முழுசாக இருந்தது. அப்பா அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், காலர் சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுக் கேட்டார். அரங்கின் ஆறாவது வரிசையில் அம்மா ஏற்கெனவே போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். எதிர்ப்பக்கம் பொக்கே பூங்கொத்துடன் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் அதே கருவி இருந்தது.

"முப்பது வருஷத்தைத் தூக்கிடலாம் மேடம்" என்றாள். ஆறு செகண்ட்தான் ஆகியிருந்தது.

பிறகு அந்த வரிசையிடம் போனாள். கையில் இருந்த தாளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"சார், உங்க ஐட்டம் இல்ல. எல்லாரும் கீழ போயிடுங்க."

வாட்ச்மேனுக்குப் புரியவில்லை. "அப்புறமா கூப்பிடுவீங்களாம்மா?"

"இல்ல சார். வழியில நிக்காதீங்க, ப்ளீஸ்."

"வாங்கய்யா, போலாம்" என்று மற்ற எட்டுப் பேரையும் அப்பாதான் திருப்பி அழைத்துப் போனார். கீழே உட்கார நாற்காலி இல்லை. கதவோரமாக நின்று படம் பார்த்தார்கள். படத்தில் ஓர் இடத்தில் முதலாளியின் கார் வந்து நிற்கிறது, ஒரு கை கதவைத் திறந்துவிடுகிறது. முகம் காட்டவில்லை. "அது என் கைதான்" என்று அப்பா பக்கத்திலிருந்த கேன்டீன் மாஸ்டரிடம் சொன்னார். அம்மா விவரம் தெரியாமல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

கேடயங்களை மறுநாள் ஸ்டோர் ரூமில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அப்பா அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டாங்க?" என்று அம்மாதான் கொதித்தாள். "காலையிலேர்ந்து நிக்க வச்சுட்டு!"

"மேலேர்ந்து ஆர்டர்மா. நான் என்ன பண்ண முடியும்?" என்றாள் மகள். சொன்னபோது குரல்கூட நடுங்கவில்லை. ஆறு மாதப் பயிற்சி வீண்போகவில்லை.

"அவளை ஏன் கேக்கற? அவ வேலை பாக்கறவ" என்று அப்பா முடித்துவிட்டார்.

பத்து நாள் கழித்து மேடம் இவளையும் பொக்கேயையும் ஒன்றாக நிற்க வைத்து ஒரே ஒரு கவரை எடுத்தார். இவளிடம் கொடுத்தார். பொக்கேயிடம், "நீ காதுக்கருவியைக் கழட்டி வச்சுட்டுப் போ" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது லிஸ்ட் கவரைப் பற்றிச் சொன்னாள். அவள் தடுப்பதற்குள் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அம்மா கேட்பதற்காக உரக்கப் படித்தார்.

"'தங்கள் பணியை நிரந்தரமாக்குவதில் மகிழ்ச்சி அடைகிறோம். குறிப்பாக, பம்ப் நிறுவன விழாவில் எந்த நிகழ்ச்சியை நீக்குவது என்று, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், தயக்கமின்றித் தாங்களே முடிவெடுத்த...'"

அங்கே குரல் நின்றது. மிச்சத்தை மனதுக்குள் படித்தார். அம்மா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா..." என்றாள் மகள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா." கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து அவள் பக்கம் வைத்தார். "மேலேர்ந்து வந்த ஆர்டரைச் சொல்றவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுவாங்க. அவங்க மேல தப்பு இல்லையே. தானா முடிவு பண்ணவங்கதான் தரையப் பாப்பாங்க. முப்பத்தோரு வருஷமா பின்சீட்டைக் கண்ணாடியில பாத்துட்டிருக்கேன், இதுகூடத் தெரியாதா?"

அவள் கடிதத்தைக் கவருக்குள் திரும்ப வைத்தாள்.

"அந்த வரிசையில நான் மட்டும் நிக்கலை. மத்த எட்டுப் பேர் என்ன தப்பு பண்ணாங்க?" என்றார் அப்பா. பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு. நாளைக்கு வேலைக்குப் போகணும்ல."

அவள் சாப்பிட்டாள். மறுசோறும் போட்டுக்கொண்டாள்.