தர்ஷினி ஏறாத இறுதிச்சுற்று

செய்தி வந்தபோது சுங்கை வேயில் நாங்கள் சுவரேற்றம் பழகும் ஏறுதளத்தின் பின்பக்கம் உட்கார்ந்து பிடிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுவரில் முடுக்கும் அந்தப் பிளாஸ்டிக் பிடிகளில் ஊரார் வேர்வையெல்லாம் படிந்திருக்கும். மாதம் ஒருமுறை கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஈரக் கையோடு போனை எடுத்தேன். தர்ஷினியின் தம்பி.

"நித்யாக்கா, அக்கா போயிட்டாங்க."

டெங்கிக் காய்ச்சல். ஐந்தே நாள். இருபத்து நான்கு வயது. தேசிய அணித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. போயும் போயும் ஒரு கொசுவிடம் தோற்கிற ஆளா அவள்?

பள்ளி முடித்த கையோடு இருவரும் ஒரே நாளில்தான் அந்தத் தளத்தில் சேர்ந்தோம். அவளோடு போட்டி போடுவதைவிட, அவள் விழாமல் கீழே நின்று கயிறு பிடிப்பது உடம்புக்கு நல்லது என்று எனக்கு ஆறே மாதத்தில் புரிந்துவிட்டது. ஒரு சுவரை ஏறுவதற்கு முன் கீழே நின்று அரைமணி நேரம் அண்ணாந்து பார்ப்பாள். கைகள் காற்றில் பிடிகளைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கும். பேச்சுக் கொடுத்தால் திட்டு விழும்.

பிரிக்பீல்ட்ஸில் அவளுடைய சித்தியின் புடவைக் கடையில் வேலை பார்த்தாள். காய்த்துப்போன விரல்நுனிகள் பட்டு நூலை இழுத்துவிடும் என்பதால் புடவையைத் தொடவே சித்தி விடமாட்டார். கல்லாவில் உட்கார வைத்துவிட்டார். ஒருநாள் ஓர் அம்மா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா செவுரு ஏறுற வேல?" என்று கேட்டார். "நீங்க பத்துமலை ஏறலையா ஆன்டி? எனக்குப் படி இல்ல, அவ்வளோதான் லா" என்றாள். அந்த அம்மா சிரித்தபடியே இன்னொரு புடவையும் எடுத்துக்கொண்டு போனார்.

போன ஆண்டுத் தேர்வைப் பற்றி, அவளுடைய நண்பர்களான உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அணியில் ஒரே ஓர் இடம். இறுதிச்சுற்றுக்கு வந்தவர்கள் மற்றவர் ஏறுவதைப் பார்க்கக்கூடாது, சுவரைப் பற்றி யாரிடமும் கேட்கக்கூடாது. போனை வாங்கிக்கொண்டு ஓர் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். நான் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விவிட்டுப் பார்வையாளர்களோடு இருந்தேன். முதலில் ஏறிய இரண்டு பேரும் உச்சியில் ஒரே மஞ்சள் பிடியை வலது கையால் எட்டித் தவறி விழுந்தார்கள்.

தர்ஷினி கழிப்பறைக்குப் போக வெளியே வந்தாள். கூடவே காவலுக்கு ஒரு மலாய்ப் பெண். தமிழ் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில், நலம் விசாரிக்கிற மாதிரி, "சாப்டியா? மேல மஞ்சப் பிடிய எடது கையால எடு. தண்ணி குடி" என்றேன். காவல் பெண்கூடச் சிரித்தாள். தர்ஷினி சிரிக்கவில்லை. நேரே நடுவரிடம் போய், தனக்குச் சுவரைப் பற்றித் துப்பு கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். அவளைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

திரும்பும் ரயிலில் அவள்மேல் பாய்ந்தேன். "எதுக்கு டி சொன்ன? யாருக்குமே தெரியாதே."

"எனக்குத் தெரியுமே. அந்தப் பிடிய நானே கண்டுபிடிச்சிருப்பேன், நித்யா. அத நீ என்கிட்டருந்து எடுத்துட்ட."

யார் சொன்னது என்று நடுவர் கேட்டாராம். சொல்ல மாட்டேன் என்றாளாம். வழியில் பலர் அவளிடம் பேசியதால் காவல் பெண்ணாலும் சொல்ல முடியவில்லையாம். சொல்லியிருந்தால் என்னை எந்தப் போட்டிப் பக்கமும் விட்டிருக்க மாட்டார்கள். இறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன். "நாளைக்கு ஏழு மணிக்குக் கயிறு புடிக்க வா" என்றாள். வீட்டிலும் கடையிலும் நம் நண்பர்களிடமும் கை சுளுக்கிக்கொண்டதாகச் சொல்லிவிட்டாள். நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள்.

கிள்ளானில் அவளைக் கிடத்தியிருந்த வீட்டில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு மட்டும் கை சுளுக்காம இருந்திருந்தா, ஒரு தடவயாச்சும் நாட்டுக்காக ஏறியிருப்பா இல்லம்மா?"

"ஆமா ஆன்டி" என்றேன்.

தனக்கு லாபமான ஒரு பொய்யை அவளால் பத்து நிமிடம்கூட வைத்திருக்க முடியவில்லை. எனக்காகச் சொன்ன பொய்யைச் சாகும்வரை வைத்திருந்தாள். இப்போது அது என்னிடம் இருக்கிறது. அவளைப் போல நடுவரிடம் நடந்துபோக எனக்கு ஓர் ஆண்டு தாமதமாகிவிட்டது. இதை முதலில் அவளுடைய அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன். தர்ஷினியின் கைக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. அந்தத் துப்பைச் சொன்னது நான்.