பாஸ் போட்ட கை

அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் அவர் மலையேறி வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அவருக்குக் குடலைப் புரட்டியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தபோதும் ஒரு கை பெட்டியை விடவில்லை என்று கண்டக்டர் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். எங்கள் ஊரான வளப்பூர் நாட்டில் இறங்கியபோது முகம் வெளுத்துப் போயிருந்தது. பெட்டியை வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். தான் வேலை செய்யும் கம்பெனியில் கார் கேட்டிருக்கிறார், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அதற்காகக் காத்திருக்காமல் கிளம்பி வந்துவிட்டார். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். ஆனாலும் நான் மேடம் என்றேன், அவர் என்னை அக்கா என்றார். அது இன்றுவரை மாறவில்லை.

அப்போது நான் எங்கள் ஊர் இணைய நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பலாமரங்களுக்கு நடுவே ஒற்றை அறை, உள்ளே ஆளுயர இரும்பு அலமாரி, அதில் மினுக்மினுக்கென்று கருவிகள். அடிவாரத்திலிருந்து வரும் ஒளிக்கம்பி இங்கே வந்து சேர்ந்து, பிறகு ஊர் ஊராகப் பிரிந்து போகும். கம்பியில் வருவது வெளிச்சம். கருவிக்குப் புரிவது மின்சாரம். ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதற்குக் கம்பியின் முனையில் விரல் நீளத்தில் ஒரு உலோகத் துண்டு செருகப்பட்டிருக்கும். அதை மாட்யூல் என்போம். பழையதை எடுத்துவிட்டுப் பல மடங்கு வேகமான புது மாட்யூல்களைப் போட்டதிலிருந்துதான் எங்களுக்குத் தலைவலி தொடங்கியது. திடீர் திடீரென்று இணைப்பு அறுந்து போகும். ரேஷன் கடையில் கைரேகை விழாது. முதியோர் பணம் வாங்க அரியூர் நாட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். ஆஸ்பத்திரியில் கீழேயுள்ள டாக்டரிடம் கம்ப்யூட்டர் வழியாகக் காட்டலாம் என்று குழந்தையைத் தூக்கி வந்தவர்கள், கடைசியில் வண்டி பிடித்து மலையிறங்குவார்கள்.

மாட்யூல்களைச் செய்வதும் நிலையத்தை நடத்துவதும் ஒரே கம்பெனிதான். அது பழியைத் தூக்கி என் வீட்டுக்காரர்மேல் போட்டது. மலைப்பாதை நெடுக ஒளிக்கம்பியைப் பராமரிக்கும் ஒப்பந்த வேலை அவருடையது. மரம் விழுந்து கம்பி அறுந்தால் ஒட்டுப் போடுவார். ஒட்டு சரியில்லை என்றார்கள் முதலில். பிறகு, கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை தர வேண்டும் என்பதற்காக அவரே கெடுத்து வைக்கிறார் என்றார்கள். கடைசியில் போலீசில் மனுக் கொடுத்தார்கள். அடிவாரத்துக்குக் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து விசாரித்து அனுப்பினார்கள். ரேஷன் கடை வரிசையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நன்றாக இருந்த ஒட்டுகளையே பிரித்துப் பிரித்து மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தார். சாரலில் நனைந்தபடி மிளகுக்கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, முடியைவிட மெல்லிய அந்த இழையைத் துடைத்துத் துடைத்து அவர் சேர்ப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்த நேரத்தில்தான் மாட்யூல்களைச் சோதிக்கும் மேடத்தை அனுப்பினார்கள். சோதிப்பதற்கு என்று பேர். உண்மையில் மாட்யூலில் குறையில்லை, கம்பியில்தான் குறை என்று ஒரு வார்த்தை எழுதி வாங்குவதற்கு. வந்தவர் தங்க வேறு இடமில்லாததால் எங்கள் வீட்டிலேயே தங்கினார். என் வீட்டுக்காரர் அவருக்கு எதிரில் நிமிர்ந்தே உட்காரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்.

"எம்மேல தப்பிருந்தா அதையும் நேராவே சொல்லிருங்க."

"சொல்லிருவேனுங்க," என்றார் மேடம். ஆறுதலாக வேறெதுவும் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் நாள் பகலில் பெட்டியைத் திறந்து சோதித்தார். மாட்யூல் வழியாகக் கணக்கற்ற சைகைகளை அனுப்பி, திரும்பி வருவதில் எத்தனை பிழை என்று எண்ணும் கருவி அது. திரையில் பூஜ்யம் அசையாமல் நின்றது. போனில் கம்பெனி மேலாளர், அப்படியானால் முடித்துவிட்டு இறங்கி வாருங்கள் என்றார். மேடம் போனை வைத்துவிட்டு எந்த நேரத்தில் இணைப்பு போகிறது என்று என்னைக் கேட்டார். விடியற்காலையில்தான் அதிகம், கரண்டு போய் வந்த பிறகு என்றேன். எங்கள் மலையில் காற்றடித்தால் கரண்டு போகும். பேட்டரியும் பழையது, கொஞ்ச நேரத்தில் அதுவும் படுத்துவிடும். கேட்டுக்கொண்டவர் அன்று கீழே போகவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே என்னோடு நிலையத்துக்கு வந்துவிட்டார். ஒரு மூலையில் துப்பட்டாவை விரித்துத் தொழுதார். அடிவாரத்து ஊரில் அவருடைய அத்தா, அதாவது அப்பா, இரும்புக் கடை வைத்திருப்பதாக முந்தைய நாள் சொல்லியிருந்தார். தொழுது எழுந்ததும் கரண்டை நிறுத்தச் சொன்னார். கதவை அகலத் திறந்து வைத்தோம். மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிட்டது. அலமாரியின் இரும்பைத் தொட்டால் கை சில்லிட்டது. நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒரு மாட்யூலை எடுத்துத் தன் கருவியில் செருகினார். அதிலிருந்து வெளிச்சம் வெளியேறும் துளையையும், உள்ளே வாங்கும் துளையையும் ஒரு முழம் கம்பியால் இணைத்தார். அனுப்புவதும் அதுவே, வாங்கிக்கொள்வதும் அதுவே. பிறகு, பேட்டரியில் ஓடும் அந்தக் கருவியின் சுவிட்சைப் போட்டார்.

திரையில் எண்கள் பொங்கி வந்தன. அடுப்பில் பால் பொங்குவதுபோல நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தன. மாட்யூல் சூடேறச் சூடேற அடங்கி, பிறகு நின்றன. இன்னொன்றைச் செருகினார். அதுவும் அப்படியே. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இதுல உங்க மலைக் கம்பி ஒரு அடிகூட இல்லீங்கண்ணா," என்றார் மேடம் அவரைப் பார்த்து. "தானே பேசித் தானே கேக்குது. அதுக்கே தப்புத் தப்பா வருது."

அவர் உள்ளே வந்து திரைக்கு முன் குனிந்தார். இன்னொருக்கா போட்டுக் காட்டச் சொன்னார். மேடம் காட்டினார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் காட்டினார்.

அதற்குப் பிறகு மேடம் வெகுநேரம் வெளியே பலாமரத்தடியில் நின்றார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது சொன்னார். மாட்யூல்களைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டுமாம். இந்தச் சரக்குக்கு அவசரம் என்று குளிர்ச் சோதனையை விட்டுவிடச் சொன்னார்களாம். போவது நம்ம பக்கத்து ஊர்களுக்குத்தானே, அங்கே என்ன பனிக்கட்டியா உறைகிறது என்றார்களாம்.

"இதுக்கெல்லாம் பாஸ் போட்டதே நான்தாங்க்கா. அன்னிக்கு முடியாதுன்னு சொல்லியிருக்கோணும். சொல்லல. பாஸ் போட்ட கையாலயே ஃபெயிலும் போட்டுட்டுப் போறேன்."

முடிவைப் போனில் கேட்ட மேலாளர் மறுநாள் காரில் வந்தார். கோபத்தில் இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை. அறைக்குள் ஹீட்டர் வைத்து, அரைமணி நேரம் சூடாக்கி, பிறகு சோதியுங்கள், நம் லேப்பில் அப்படித்தானே செய்கிறோம் என்றார்.

"லேப்ல அப்படிச் செஞ்சதாலதாங்க சார் இங்க வந்து நிக்கிறோம்," என்றார் மேடம்.

இதே சரக்கு வேறு எந்தெந்த மலைகளுக்குப் போயிருக்கிறது என்று கேட்டார். அது உன் வேலையில்லை என்றார் மேலாளர். பிறகு என் பக்கம் திரும்பினார். அறையைப் பூட்டு, சாவியைக் கொடு, இனி அந்தம்மா உள்ளே போகக்கூடாது என்றார். என் வேலையும் ஒப்பந்த வேலைதான். அவர் ஒரு சொல் சொன்னால் போய்விடும். சாவி என் இடுப்பில் இருந்தது. கை அதன்மேல் போனதே தவிர, எடுக்கவில்லை.

"ரூமு உங்களுதுங்க. சாவிக்கு நான் பொறுப்புங்க. மேடம் வேலை முடியற வரைக்கும் கதவு தொறந்துதானுங்க இருக்கும்."

"புருஷனைக் காப்பாத்தப் பார்க்கிற."

"ஆமாங்க. பண்ணாத தப்புக்கு மாட்டி உட்டா, காப்பாத்தத்தானுங்க செய்வேன்."

சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டேன். பக்கத்து ரேஷன் கடைக்கு வந்தவர்கள் அதற்குள் வாசலில் கூடிவிட்டிருந்தார்கள். மேடம் அவர்களையும் உள்ளே கூப்பிட்டார். அலமாரி அன்று காலைக் கரண்டு வெட்டில் குளிர்ந்துதான் கிடந்தது. மேலாளர் கையிலேயே அந்த ஒரு முழம் கம்பியைக் கொடுத்து, அவரையே செருகச் சொன்னார். எண்கள் ஏறின. படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஏறுகிறது என்பது தெரிந்தது. மேலாளர் கம்பியைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

அன்று சாயங்காலம் மேடம் போனில் இணையம் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினார். சோதனை முடிவைக் கம்பெனிக்கு மட்டும் அனுப்பவில்லை. அந்தச் சரக்கு போயிருந்த ஊர்கள் எவை என்று கூட வேலை செய்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அத்தனை நிலையங்களுக்கும் அனுப்பினார். இதை அனுப்பினால் வேலை போய்விடுமே என்று கேட்டேன். போகும் என்றார். அங்கங்கே இவரைப்போல ஒருவர் ஒட்டைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருப்பாரே, அவர்களுக்கு யார் சொல்வது என்று திருப்பிக் கேட்டார்.

மாட்யூல்களை மாற்றினார்கள். ஒரு பெட்டியில் புதியவை வந்தன, விளக்கம் எதுவும் வரவில்லை. மனுவைத் திரும்பப் பெற்றார்கள். என் வீட்டுக்காரரை அடுத்த ஒட்டு வேலைக்குக் கூப்பிட்டபோது அவர் போகவில்லை. எந்த ரேஷன் கடை முன்னால் என் பேர் கெட்டதோ, அதே இடத்தில் வந்து என்மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள், அப்புறம் வருகிறேன் என்றுவிட்டார். மரவள்ளிக் காட்டு வேலையிலேயே மழைக்காலம் கழிந்தது. இடையில் ஒரு காற்றில் கம்பி அறுந்து, ஒட்டுப் போடத் தெரிந்த வேறு ஆள் கிடைக்காமல், கடைசியில் கம்பெனியிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அவர் ரேஷன் கடை முன்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

"சத்தமாச் சொல்லுங்க. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அந்த மனிதர் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மேடத்தைச் சோதனைப் பிரிவிலிருந்து தூக்கிக் கிடங்கில் போட்டார்கள். சில மாதம் இருந்து பார்த்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். இப்போது சேலத்தில், மாடியில் ஒரு வாடகை இடத்தில், இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகச் சோதனைக்கூடம் நடத்துகிறார். ஃபெயில் என்ற சொல்லைக் கேட்கப் பிடிக்காத கம்பெனிகள் அந்த மாடிப்படி ஏறுவதில்லை. வேலை வருகிறதா என்று போனில் கேட்டால், "குறைச்சலாத்தாங்க்கா வருது. வர்றது நெசமாப் பாக்கோணும்னு வருது," என்பார். அந்தக் குரலில் வருத்தம் இருந்ததில்லை.

போன மாதம், இப்போதிருப்பதைவிட வேகமான மாட்யூல்கள் எங்கள் நிலையத்துக்கு வந்தன. கொண்டுவந்த இன்ஜினியர் மரியாதையானவர்தான். எல்லாம் சோதித்து முடித்தது, பொழுது சாய்வதற்குள் போட்டுவிட்டு இறங்க வேண்டும் என்றார். விடியற்காலையில் குளிர வைத்துப் பார்க்காமல் அலமாரியில் ஏற்ற விடமாட்டேன் என்றேன். தன் ஆபீசுக்குப் போன் போட்டார். அவர்கள் என்னிடம் பேசினார்கள். அவர்களுக்கும் அதையே சொன்னேன். வேறு வழியில்லாமல் தங்கினார்.

காலையில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகத் தன் சோதனைக் கருவியில் செருகினார். ஒவ்வொன்றுக்கும் திரையில் பூஜ்யம் அசையாமல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன். கடைசிக்கு முந்தையதில் எண்கள் ஏறின. கொஞ்சம்தான் ஏறி, உடனே நின்றும்விட்டன.

"ஒண்ணே ஒண்ணுதானே. சூடானதும் சரியாயிருச்சு பாருங்க," என்றார்.

 நான் அதைக் கழற்றி, இதைத் திருப்பி எடுத்துப் போங்கள் என்று அவர் உள்ளங்கையில் வைத்தேன். அது இன்னும் சில்லென்றுதான் இருந்தது.