பரணிலிருந்து இறங்கிய சாமை

சேர்வராயன் மலையின் மாரமங்கலத்தில் பஸ்ஸை விட்டிறங்கி ஒரு மணி நேரம் மேடேறினால் வரும் பதினான்கு வீட்டுச் சிற்றூரில், 1968-ஆம் ஆண்டு அங்கப்பன் பிறந்தார். அவ்வூரார் சாமை விதைத்து, சாமை உண்டு, மிஞ்சியதை எப்போதாவது சந்தைக்குச் சுமந்தவர்கள். அந்த மிச்சத்தையே ஒரு தொழிலாக்கியவர் அவர் ஒருவரே.

சேலத்தில் சர்க்கரை நோய்க்காரர்கள் சாமைச் சோற்றுக்கு மாறத் தொடங்கியது 2007 வாக்கில். தெரிந்த ஒருவருக்காக நாலு படி கொண்டுபோனார். அவருடைய தெருவே கேட்டது. தம் சாமையில் ஒரு கல் கிடந்தாலும் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக அங்கப்பன் சொன்ன வாக்கு, அமுதா என்பவர் நடத்திய கடைவரை போயிற்று. அமுதா அதைப் பொட்டலம் கட்டி, ‘சேர்வராயன் மலைச் சாமை’ என்று அச்சிட்ட தாளை ஒட்டினார். அத்தாள் ஒன்றை அங்கப்பன் தம் வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தார். ஐந்தாண்டுகள் ஊரின் விளைச்சல் முழுவதும் அவர் கைவழியே கீழிறங்கிற்று.

2012-இல் மழை பொய்த்தது. அடுத்த மாசி மாதம் அமுதா தொலைபேசியில் அழைத்தார். சென்னையில் ஒரு பெரிய கடை பத்து மூட்டை கேட்கிறது. இந்த முறை கொடுத்துவிட்டால் இனி ஆண்டுதோறும் வாங்கும். ஊர் முழுக்கத் திரட்டியும் ஏழு மூட்டைக்குமேல் தேறவில்லை.

மீதி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கு நேர்மேலே பரணில், சாணம் மெழுகிய மூங்கில் கூடையில், விதைச் சாமை இருந்தது. ஆண்டு முழுக்க அடுப்புப் புகை ஏறுவதால் அதில் பூச்சி அண்டாது. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா முடியாமல் அக்கூடையை யாரும் இறக்குவதில்லை.

ஊர்க்கவுண்டர் மாதையன் வீட்டு வாசலில் ஊர் கூடியது.

“வெதையவா கேக்கற? ஏன் கண்ணு, சோறு ஆக்கற சட்டியையும் சேத்து வித்துப்போடலாமே?” என்றார் மாதையன். சிலர் சிரித்தார்கள்.

“திருவிழாவுக்குள்ள வெதை வாங்கியாந்து ஊட்டுக்கு ஊடு அளந்து போடறனுங்க. வடக்குச் சரிவுல மழை பெஞ்சு போன வருசம் நல்ல வெளைச்சல். இது கையவுட்டுப் போச்சுன்னா நம்மள ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.”

“வாங்கியாருவியா?”

“வாங்கியாரனுங்க.”

ஐந்தாண்டுகள் வாக்குத் தவறாத மனிதர். முதலில் தம் வீட்டுக் கூடையைத்தான் இறக்கினார். அவர் மனைவி ராசம்மாள் பரணுக்குக் கீழே நின்றுகொண்டு, “ஏனுங்க, கொஞ்சமாச்சும் அடியில வுடுங்க,” என்றாள். அவர் கவிழ்த்துத் தட்டினார். பதினான்கு கூடைகளும் காலியாயின. மூன்று மூட்டை சேர்ந்தது. பழையதையும் இதையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, மில்லில் உமி நீக்கி அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் அமுதா அழைத்தார்.

“அங்கப்பண்ணா, அரிசில என்ன கலந்தீங்க?”

“ஒரு கல்லு இருக்காதுங்க.”

“கல்லு இல்லண்ணா. புகை வாடை. ஒலை வெச்சாலே ஊடெல்லாம் அடிக்குதாம். பத்தையும் திருப்பிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

பிறந்த நாள் முதல் அந்தப் புகையிலேயே இருந்த மனிதர். அதற்கு ஒரு வாடை உண்டென்பது அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை. அடிவாரத்தில் இறக்கிப் போடப்பட்டிருந்த மூட்டைகளில் ஒன்றைப் பிரித்து மோந்து பார்த்தார். தம் வீட்டு அடுப்படிதான் மணத்தது.

உமி போன அரிசி முளைக்காது. மூட்டைகளை மேலேற்றி வீடுவீடாகப் பங்கு வைத்தார். பதினான்கு வீட்டாரும் தங்கள் விதையைத் தாங்களே ஆக்கி உண்டார்கள். அவரைத் திட்டியவர் எவருமில்லை. அவர் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பங்குனியில் வடக்குச் சரிவுக்குப் போனார். அங்கே விதைக் கூடைகளைப் பாதுகாத்தவள் குப்பாயி என்ற விதவை. அங்கப்பன் மடியிலிருந்து பணத்தை எடுத்ததும் அவள் முகம் மாறியது.

“வெதைய விக்கறதில்லீங்க. இல்லாதவங்களுக்குக் கடனாக் குடுப்போம். வெளஞ்சதும் ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பி அளப்பாங்க. ஏன், உங்க ஊட்டுப் பரணு என்னாச்சு?”

மறைத்திருக்கலாம், ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, “வித்த கையில போட மாட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க,” என்றாள்.

அதற்கப்பால் இரண்டு ஊர்களுக்குச் சித்திரை முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்தார். விதையை விற்ற செய்தி அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கையில் வெறுங்கையோடு ஊர் திரும்பி மாதையன்முன் நின்றார். மாதையன் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை, ராசம்மாளிடம்தான் பேசினார்.

“நீ போய்க் கேளு சாமி. ஊருக்குன்னு கேளு.”

ராசம்மாள் மூன்று பெண்களோடு போனாள். அங்கப்பன் பின்னாலேயே நடந்து, வடக்குச் சரிவு ஊரின் எல்லைப் பாறையில் உட்கார்ந்துகொண்டார். வெயில் சாய்ந்தபின் பெண்கள் தலைச்சுமையோடு வந்தார்கள். அவர் எழுந்து கை நீட்டினார்.

“வேண்டாமுங்க,” என்றாள் ராசம்மாள். “உங்க கை படாதுன்னு சொல்லித்தான் வாங்கியாந்தேன். இனி நம்மூர்ச் சாமை கீழ போவாதுன்னும் சொல்லிப்போட்டேன்.”

“அமுதாகிட்ட என்ன சொல்லட்டும்?”

“அது உங்க பாடு.”

கிடைத்த விதை பாதி நிலத்துக்குத்தான் போதுமாயிருந்தது. மீதி நிலம் அவ்வாண்டு தரிசாகக் கிடந்தது. திருவிழா முடிந்து மழை இறங்கியதும் அங்கப்பன் தம் நிலத்தை உழுதார். விதை தூவியவள் ராசம்மாள். அவர் வரப்பிலேயே நின்றார். அறுத்தபின் இரண்டாக அளந்த சாமையையும் அவளே கொண்டுபோய்க் குப்பாயியிடம் சேர்த்தாள். அந்தத் தையில் அவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கும் கூலியாகச் சேர்ந்தார். கணக்கு எழுதும் ரைட்டரின் பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘கூலி’ என்றே இருந்தது.

புதுச் சாமை வந்துவிட்டதா என்று கேட்க அமுதா இருமுறை அழைத்தார். அங்கப்பன் எடுக்கவில்லை. சுவரில் ஒட்டிய தாள் அடுப்புப் புகையில் கறுத்து, அச்செழுத்து தெரியாமல் போகும்வரை அங்கேயே இருந்தது. அதைக் கிழிக்க வேண்டுமென்று ராசம்மாளும் சொல்லவில்லை.