கிட்டாரை உறும வச்ச டிபன் பாக்ஸ்

ஆர்கெஸ்ட்ரால கிட்டார் வாசிக்கிறது, கல்யாணத்துல ஜெனரேட்டர் ஓட்டுற மாரி: ஓடுற வரைக்கும் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான், நின்னா மட்டும் மொத்த சனமும் நம்ம மூஞ்சியத்தான் பாக்கும். மேடை ஓரத்துல நின்னு வாசிச்சுட்டு, சாம்பார் தீந்தப்புறம் பந்திக்கு ஓடுன ஆளுங்களே, உங்களுக்காகத்தான் இத சொல்றேன். மத்தவங்க சிரிப்பாங்க. நீங்களும் சிரிப்பீங்க, ஆனா கொஞ்சம் வயித்தெரிச்சலோட.

சோப்பு டப்பா

எங்க ட்ரூப்பு கள்ளக்குறிச்சி. ஓனரு செல்வராசு அண்ணன். கேசட்ல எப்புடி இருக்கோ அப்புடியே மேடையில வரணும் அவருக்கு. அப்போ வந்த பாட்டுங்கள்ல கிட்டார் உறும ஆரம்பிச்சிடுச்சு. நாய் எலும்பக் கவ்விக்கினு கொர்ருங்குமே, அந்த மாரி. நம்ம கிட்டாரோ கோயில் மணி கணக்கா டிங்கு டிங்குனு கெடந்துச்சு. அண்ணன் கூப்ட்டு சொல்லிட்டாரு: "கச்சிராயபாளையம் திருவிழாவுக்குள்ள அந்த உறுமல் வரணும். வரலன்னா கடலூர்ல ஒரு ஆள பேசி வச்சிருக்கேன். நீ வூட்ல உக்காந்து வாசிச்சுக்கோ."

அந்த உறுமலுக்குன்னே மெட்ராஸ்ல ஒரு டப்பா விக்கிறான். வெலய கேட்டா நாமளே உறும வேண்டியதுதான். வூட்ல செத்துப்போன ரேடியோ ஒண்ணு இருந்துச்சு. அத ஒடச்சி, ரேடியோ ரிப்பேர் பண்ற பாய் சொன்ன மாரி நாலு சாமான ஈயம் வச்சுப் பத்தவச்சு, ஒரு சின்ன பேட்டரியோட சோப்பு டப்பாவுல அடக்கிட்டேன். கிட்டார் சத்தம் உள்ள போவணும், கசங்கணும், பிழிஞ்சு வெளிய வரணும். அவ்ளோதான் விஞ்ஞானம். பிராக்டீசுல போட்டேன். தந்தியில கையே வைக்கல, ஙொய்ய்ய்னு ஒரே இரைச்சல். டீ கொண்டாந்த கடைக்காரரு வாசல்லயே நின்னுட்டாரு.

"இன்னாப்பா, பாட்ட வுட்டுட்டு மாவு மிஷினு வச்சிட்டீங்களா?"

டிபன் பாக்ஸ்

பாய்கிட்ட ஓடுனேன். "பிளாஸ்டிக்குல போட்டா சுத்தி இருக்கற கரண்டு இரைச்சலு மொத்தமும் உள்ள வரும். இரும்பு, எவர்சில்வரு, எதனா ஒண்ணுல போட்டு மூடு"ன்னாரு. வூட்ல எவர்சில்வர்னு இருந்தது ஒரே ஒரு டிபன் பாக்ஸ். எங்க கல்யாணத்துல என் பொண்டாட்டி மல்லிகாவுக்கு அவ மாமன் சீர் வச்சது, மூடி மேல பேரு வெட்டி இருக்கும். அவ கரும்பு வெட்டப் போயிருந்த நேரமாப் பாத்து, ரெண்டு பக்கமும் ஓட்ட போட்டு, ஒயர வுட்டு மூடிட்டேன். இரைச்சல் போயே போச்சு. உறுமல் மட்டும் சுத்தமா வருது.

சாயந்திரம் வந்தா. மூடியத் தொறந்தா. உள்ள இருக்கற ஒயரு, பேட்டரி எல்லாத்தையும் ஒரு பார்வை பாத்தா. மூடிட்டா. அடுப்பு பத்தவைக்கப் போயிட்டா, நானும் தப்பிச்சோம்னு இருந்துட்டேன். மறுநாள் பிராக்டீசுக்குக் கெளம்பும்போது சோறு கட்டச் சொன்னேன்.

"கிட்டாருக்குத்தான் டிபன் கட்டியாச்சே, அப்புறம் உனுக்கு இன்னாத்துக்கு சோறு?"

காலிங்பெல் சுவிட்ச்

உறுமல் வேணுங்கற எடத்துல மட்டும் வரணும், இல்லாங்காட்டி சாமி பாட்டும் உறுமும். அதுக்கு கால்ல அமுக்குற மாரி சுவிட்ச் வேணும். செல்வராசு அண்ணன் வூட்டு காலிங்பெல் கெட்டுப்போயி தொங்கினு இருந்துச்சு. அந்த சுவிட்ச கழட்டியாந்து மாட்டிட்டேன். அப்போதான் ஒண்ணு புரிஞ்சிச்சு. காலிங்பெல்லு, அமுக்கினு இருந்தாத்தான் அடிக்கும். கால எடுத்தா கிட்டாரு திரும்பவும் கோயில் மணிதான்.

கள்ளக்குறிச்சியில ஒரு ரிசப்ஷன். பாட்டு முழுக்க உறுமல். ஒரு காலு சுவிட்சு மேல, ஒடம்பு மொத்தமும் இன்னொரு கால்ல. கைதட்டு விழுந்ததும் நம்ம பாடகரு குஷியாயி பல்லவிய திரும்பத் திரும்ப எடுக்கறாரு. எனுக்கு தொடை நடுங்குது. பொண்ணோட பெரியப்பா ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தாரு. ஒரு சேரத் தூக்கிக்கினு மேடைக்கே வந்து, எனுக்குப் பின்னாடி போட்டு, மைக்குக்குப் பக்கத்துல நின்னு கேட்டாரு.

"கால் முடியாத புள்ளய நிக்க வச்சு வேலை வாங்குறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்காய்யா?"

மலைமேல

அடுத்தது கல்வராயன் மலையில ஒரு மாரியம்மன் விழா. இந்த வாட்டி மைக்செட்டு கோவிந்தன் மாமா. ஸ்பீக்கருங்கள பெத்த புள்ளைங்க மாரி தொடச்சு வைக்கிற மனுசன். நான் கால வச்சேன், கிட்டார் உறுமுச்சு. ஸ்பீக்கருக்குள்ள இருக்கற பேப்பரு கிழிஞ்சாலும் இதே உறுமல்தான் வரும். "ஐயய்யோ, ஸ்பீக்கரு கிழிஞ்சிடுச்சு!"ன்னு கத்திக்கினே மெயின ஆஃப் பண்ணிட்டாரு. எறக்கி, டார்ச் அடிச்சு, உள்ள இருக்கற பேப்பரத் தடவிப் பாத்தாரு. நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பப் போட்டாரு. நான் அமுக்குனேன். திரும்ப ஆஃப்பு. அப்புறம் ஸ்பீக்கரையே மாத்துனாரு. சனம் எழுந்து போவ ஆரம்பிச்சிடுச்சு. செல்வராசு அண்ணன் என் காதுல, "கடலூர்காரன கச்சிராயபாளையத்துக்கு வரச் சொல்லிட்டேன்"னாரு.

நான் டிபன் பாக்ஸ தொறந்து காட்டி, "மாமா, அந்த சத்தத்த நான்தான் போடுறேன், வேணும்னேதான்"ன்னேன். மாமா டப்பாவுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாரு.

"கிழிஞ்ச சத்தம் வராம பாத்துக்கத்தாண்டா எனுக்கு சோறு போடுறாங்க, அத நீ டப்பாவுல கட்டி எடுத்தாந்து வாசிக்கிறேங்கிற!"

கச்சிராயபாளையம்

கடலூர்காரன் மொத வரிசையிலயே உக்காந்து இருந்தான், பையில போட்ட கிட்டார மடியில வச்சுக்கினு. கோவிந்தன் மாமாகிட்ட அண்ணன் கண்டிஷனா சொல்லிட்டாரு: "இன்னிக்கு எவ்ளோ உறுமுனாலும் கை வைக்காத. அது டப்பா." மொத பாட்டு, உறுமல் ஜோரா வந்துச்சு. விசில் பறந்துச்சு. சரி, பொழச்சோம்னு நெனச்சேன்.

ரெண்டாவது, தாலாட்டு மாரி ஒரு பாட்டு. நான் சுவிட்சு பக்கமே காலக் கொண்டு போவல. ஆனா பாடகரு வாயத் தொறந்தா உறுமுது. தபேலா உறுமுது. "டப்பாவ எட்றா!"ன்னு அண்ணன் பல்லக் கடிக்கிறாரு. ஒயரப் புடுங்கி, டிபன் பாக்ஸ தலைக்கு மேல தூக்கிக் காட்டுனேன். அப்பவும் உறுமுது. இந்த வாட்டி ஸ்பீக்கரு நெசமாவே கிழிஞ்சிடுச்சு! மாமாவப் பாத்து எல்லாரும் கைய ஆட்டுறோம். அவரு கைகட்டி உக்காந்துக்கினு, "தெரியும், தெரியும், டப்பாதான! நீங்க நடத்துங்க!"ன்றாரு. தாலாட்டு, முடியிற வரைக்கும் கரடி பாடுன மாரியே போச்சு. கடலூர்காரன் பை ஜிப்ப தொறந்துக்கினே எழுந்தான்.

அவனுக்கு முந்தி விழாக் கமிட்டி தலைவரு மேடையேறிட்டாரு. கரும்பு வெவசாயி, பெரிய மீச. உதைக்கத்தான் வராருன்னு ரெண்டடி பின்னாடி போனேன். மனுசன் கையில இருந்த சால்வைய எனுக்குப் போட்டுட்டு, அண்ணன் பக்கம் திரும்புனாரு.

"கிட்டாரு உறுமுறது எல்லா ஊர்லயும் கேட்டாச்சு, பாடுறவரையே உறும வச்சீங்க பாருங்க, அது இந்த ஜில்லாவுலயே கெடையாது, அடுத்த வருசம் இந்த டப்பாக்காரரு இல்லாம மட்டும் வந்துடாதீங்க!"

ஒழுங்கா வாசிச்சப்போ போவ இருந்த வேலை, ஸ்பீக்கரு கிழிஞ்ச புண்ணியத்துல நெலச்சுப் போச்சு. அப்புறம் இன்னாத்துக்கு வெரலு தேய தெனமும் பிராக்டீசு பண்றேன்னு மட்டும் கேக்காதீங்க.